மாரியாயி தூங்கிய வழக்கு

ஆயா மாரியாயி வேலை நேரத்தில் தூங்கினாளா இல்லையா என்று ஏழாங்கட்டைத் தோட்டத்தில் ஒரு விசாரணை நடந்தது. சம்பவம் நடந்த இடத்தில் சாட்சிகளுக்குக் குறைவில்லை. நாற்பத்தொரு பேர் இருந்தோம். ஆனால் நாற்பத்தொரு பேரும் அப்போது தூங்கிக்கொண்டிருந்ததாக, ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி தன் நோட்டில் எழுதிக்கொண்டார். எங்களில் மூத்தவளுக்கு வயது ஐந்து. அந்த மூத்தவள் நான்தான், சீதாலெட்சுமி.

தோட்டம் மலாய்நாட்டில், கிள்ளானிலிருந்து மேருவுக்குப் போகும் சாலையில், ஏழாவது மைல் கல்லுக்குப் பக்கத்தில் இருந்தது. வாசல் பலகையில் துரைமார் வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்று நீளமாக இருக்கும். அதை வாயில் நுழைக்க எங்கள் ஆட்கள் யாரும் சிரமப்படவில்லை. ஏழாங்கட்டை என்றால் கிள்ளான் பாசாரில் மீன் விற்பவனுக்குக்கூடத் தெரியும்.

விடிவதற்கு முன்பே பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்று பேர் கொடுத்துவிட்டு, அம்மாக்கள் கித்தா மரம், அதாவது ரப்பர் மரம், சீவிப் பால் எடுக்கப் போவார்கள். போகிற வழியில் எங்களை ஆயாக் கொட்டகையில் இறக்கிவிடுவார்கள். தகரக் கூரை, இடுப்பளவு பலகைச் சுவர், உத்திரத்தில் வரிசையாகத் தூளிகள், மூலையில் கஞ்சிப் பானை, அதற்கு மேலே ஒரு பலகைத் தட்டில் டின்பால், கெட்டியாக இனிப்பாக இருக்கும். இந்த ராஜ்ஜியத்துக்கு ஒரே ஆள் மாரியாயி. நான் பின்னாளில் முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொன்னவள். முப்பது பிள்ளைகளைப் பத்து நிமிஷம் வாயை மூட வைக்க எனக்குப் பிரம்பு வேண்டியிருந்தது. மாரியாயி நாற்பத்தொரு பேரைக் குறட்டையால் ஆண்டாள்.

கேலிக்குச் சொல்லவில்லை. காலை பத்தரைக்கு நாங்கள் கஞ்சி குடித்து முடித்ததும் கொட்டகை நடுவில் பாயைப் போடுவாள். வெற்றிலைப் பையைத் தலைக்கு வைத்து மல்லாந்து படுப்பாள். "எனக்குத் தூக்கம் வருது. நான் தூங்கப் போறேன். நீங்க எக்கேடோ கெட்டுப் போங்க" என்று அறிவித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். எங்களைத் தூங்கச் சொன்னதே இல்லை. சொன்னால் எந்தப் பிள்ளை தூங்கும்? நம்மை யாரும் கண்டுகொள்ளவில்லை என்று தெரிந்ததும் விளையாட்டு சப்பென்று போய்விடும். எங்கள் சத்தம் கூடினால் அவள் குறட்டையும் கூடும். நாங்கள் அடங்க அடங்க அதுவும் தணியும். கால் மணி நேரத்தில் கொட்டகை முழுக்கப் பிள்ளைகள் கால்மாடு தலைமாடாகக் கிடப்போம். தவழ்கிற வயதில் இருந்த மூன்று பேரை மட்டும் அவள் நம்பவில்லை. அவர்களுடைய அரைஞாண் கயிற்றில் ஆளுக்கொரு நூலைக் கட்டி, மறுமுனையைத் தன் கால்விரல்களில் மாட்டியிருப்பாள். யார் நகர்ந்தாலும் விரல் இழுக்கும்.

மாரியாயி முசிறிப் பக்கத்தில் பிறந்தவள் என்பது அவள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அவளுக்கும் அதை யாரோ சொல்லித்தான் தெரியும். ஆறு வயதில் கப்பலேறி வந்தவள். வந்த மறுவருஷமே அப்பனும் ஆத்தாளும் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார்கள். பதினாலாம் நம்பர் கித்தாக் காட்டின் ஓரத்தில் இருவரையும் புதைத்தார்கள். கல்யாணமும் ஒன்று நடந்தது. பூச்சோங் பக்கம் ஈயச் சுரங்கத்தில் வேலை இருக்கிறது என்று சொல்லிப் போன புருஷன் திரும்பவில்லை. "போனவன் அந்தப் புதுக் கம்பளியையாவது வச்சிட்டுப் போயிருக்கலாம்" என்பதோடு அந்தக் கதையை முடித்துவிடுவாள். பிறகு முழங்காலில் ஒரு புண் வந்தது. புண் ஆறியபோது கால் மடங்காமல் நின்றுவிட்டது. மரத்துக்கு மரம் நடக்க முடியாது என்று ஆனதும் கொட்டகைக்கு வந்தாள். வந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

நான் சொல்வது 1931-ஆம் வருஷம். கித்தா விலை படுத்துவிட்டது. துரை ஒரு பட்டியல் போடுவார். பட்டியலில் பேர் வந்தவர்களை இலவசமாகக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பிவிடுவார்கள். இலவசம் என்றால் எதற்கும் முண்டியடிக்கிற நாங்கள் அந்த ஓர் இலவசத்துக்கு மட்டும் நடுங்கினோம். முதலில் கிழடு தட்டியவர்கள், அடுத்து நோயாளிகள், அதற்கடுத்து வேலையில் குற்றம் எழுதப்பட்டவர்கள். மாரியாயிக்கு வயது நாற்பதைத் தாண்டவில்லை, கால் மடங்காததை நோய் என்று யாரும் எழுதவும் இல்லை. குற்றம் ஒன்று எழுதப்படாதவரை அவளுக்கு ஆபத்தில்லை. ஆனாலும் மாரியாயி ஒரு நாள் என் அம்மா வள்ளியம்மாவிடம் கேட்டாள்: "நாகப்பட்டணத்துல எறங்கி நான் எந்தப் பக்கம் நடப்பேன் வள்ளி?"

இந்த நேரம் பார்த்துத்தான் புது டிரெஸ்ஸர் ஜெயராஜ் வந்து சேர்ந்தார். டிரெஸ்ஸர் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவர். ஆயாக் கொட்டகையை மேற்பார்ப்பதும் அவர் வேலை. பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்தவர், அப்பா ரயில்வேயில் கிராணி. இருபத்தாறு வயது, வெள்ளைக் கால்சட்டை, பளபளக்கும் பூட்ஸ், சட்டைப் பையில் கடிகாரம். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எதைக் கண்டாலும் மணி நிமிஷத்தோடு எழுதி வைக்கிற வியாதி ஒன்று அவருக்கு இருந்தது. அதற்கு மட்டும் அவர் ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை.

ஒரு திங்கட்கிழமை பதினொன்றே காலுக்கு அவர் கொட்டகைக்குள் வந்தார். பிள்ளைகளோடு ஆயாவும் படுத்திருப்பதைப் பார்த்தார். மத்தியானத்துக்குள் துரையின் மேசைக்கு ஒரு பக்க அறிக்கை போய்விட்டது. மறுநாள் பெரட்டில் பெரிய கிராணி ரெங்கசாமி கப்பல் பட்டியலை வாசித்தபோது கடைசியில் புதிதாக ஒரு பேர் இருந்தது. "ஆயா மாரியாயி. வேலை நேரத்தில் தூங்கியது."

பெரட்டில் வாய் திறக்கும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது. மாரியாயி மட்டும் வரிசையை விட்டு வெளியே வந்து, மடங்காத காலை இழுத்துக்கொண்டு போய்த் துரை முன்னால் நின்றாள்.

"தொர, நான் தூங்கலீங்க. என்னைய ஒரு வார்த்த கேக்காம பேர எழுதிட்டீங்களே, இது அடுக்குமா?"

"ஏய், போ அந்தப் பக்கம்" என்று ரெங்கசாமி கிராணி கையை வீசினார். ஆனால் துரையின் முகம் மலர்ந்துவிட்டது. அதற்குக் காரணம் உண்டு. அவர் முன்ஷி வைத்துத் தமிழ் படித்துப் பரீட்சையில் தேறியவர். படித்த தமிழைப் பேச ஆள் கிடைக்காமல் பத்து வருஷமாகத் தவித்துக்கொண்டிருந்தார், பாவம். எங்கள் ஆட்கள் அவரைக் கண்டால் "ஆமாங்க தொர", "சரிங்க தொர" என்ற இரண்டோடு நிறுத்திக்கொள்வார்கள்.

"நீ நித்திரை செய்யவில்லையா?" என்று கேட்டார் துரை.

"இல்லீங்க தொர."

"நன்று. இன்று பகல் இரண்டு மணிக்கு விசாரணை நடைபெறும்."

"ஆபீசுல வேணாங்க. கொட்டாயிலயே நடக்கட்டும். எல்லாரும் கேக்கட்டும்."

துரைக்கு இன்னும் சந்தோஷம். தன் தமிழைக் கேட்க அத்தனை பேர்!

இரண்டு மணிக்குக் கொட்டகை முன்னால் நாற்காலி போட்டார்கள். காட்டிலிருந்து திரும்பிய ஆட்கள் குளிக்காமல் கொள்ளாமல் அப்படியே வந்து உட்கார்ந்தார்கள். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில் நின்றேன். முந்தின நாள் சாயங்காலம் எனக்கு நல்ல வயிற்றுவலி. அம்மா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக, டிரெஸ்ஸர் என் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, "என்ன சாப்பிட்டா?" என்று கேட்டார். "கஞ்சிதாங்க" என்றாள் அம்மா. ஓர் அவுன்ஸ் விளக்கெண்ணெயை ஊற்றிவிட்டார். அதனால் விசாரணையன்று எனக்கு நிற்பதே பாடாக இருந்தது.

ஜெயராஜ் அறிக்கையை வாசித்தார். மணி பதினொன்று பதினைந்து. ஆயா மல்லாந்து படுத்திருந்தாள். வாய் திறந்திருந்தது. குறட்டை நிமிஷத்துக்குப் பதினாலு. இரண்டு தடவை கூப்பிட்டும் பதில் இல்லை. கால்விரல்களில் நூல் கட்டியிருந்தது, காரணம் தெரியவில்லை. இவ்வளவையும் வாசித்துவிட்டுக் கால்சட்டைப் பையிலிருந்து மாரியாயியின் வெற்றிலைப் பையை எடுத்து உயர்த்திக் காட்டினார்.

"இத அவ தலைக்குக் கீழேருந்து உருவினேன், சார். தல தரையில டொக்குன்னு இடிச்சது. அப்பவும் எழுந்திருக்கல!"

கூட்டம் சிரித்துவிட்டது. என் அம்மா சிரிக்கவில்லை. தூங்கினவளின் தலைமாட்டுப் பையே வந்துவிட்ட பிறகு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்? மாரியாயி கப்பலேறிவிட்டாள் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

"பெண்ணே, நீ யாது சொல்லுகிறாய்?" என்றார் துரை.

"கண்ண மூடியிருந்தேன் தொர. இல்லேங்கல. அதுதானே என் வேல?" என்று ஆரம்பித்தாள் மாரியாயி. ஆயா கண்ணைத் திறந்திருந்தால் ஒரு பிள்ளையும் கண்ணை மூடாது என்பதை விளக்கினாள். குறட்டையை எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது என்று விட்டுக் காட்டினாள். பின்வரிசையில் யாரோ கொட்டாவி விட்டார்கள். "அந்த நூலுக்குக் காரணம் தெரியலன்னு எழுதியிருக்காரே, அது புள்ளைங்க அரணாக்கவுத்துல கட்டுன நூலு. என்னக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"முழிச்சிருந்தவ நான் பைய எடுக்கறப்ப ஏன் தடுக்கல?" என்று மடக்கினார் ஜெயராஜ்.

"தடுக்கணும்னா நான் எந்திரிக்கணும். நான் எந்திரிச்சா நாப்பத்தொண்ணும் எந்திரிச்சிரும். நாலு வெத்தலைக்காக நாப்பத்தொரு புள்ளய எழுப்புறதா? அப்புறம் யாரு தூங்க வைக்கிறது டிரெஸ்ஸரய்யா, நீங்களா?"

பெண்கள் பக்கமிருந்து "அதானே!" என்று ஒரு குரல் வந்தது. துரை மீசையை நீவிக்கொண்டார். முன்ஷி சொல்லிக் கொடுத்த எதிலும் இப்படி ஒரு வழக்கு வரவில்லை. "நீ விழித்திருந்தமைக்கு அத்தாட்சி உண்டா?" என்று கேட்டார்.

மாரியாயி டிரெஸ்ஸரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இருக்கு தொர. இவரு உள்ள வந்து என்னென்ன செஞ்சாருன்னு ஒண்ணு விடாம சொல்றேன். தூங்குறவளுக்கு அது தெரியுமா? ஆனா படிச்ச மனுசரு. இத்தன பேரு முன்னால சொல்லணுமான்னுதான் பாக்குறேன்."

"சொல்லு, சொல்லு. எனக்கென்ன பயம்?" என்றார் ஜெயராஜ். கொஞ்சம் பயந்திருக்கலாம்.

"உள்ள வந்ததும் காத்தாயி மவன் போயிருந்த ஒண்ணுக்குல சறுக்குனீங்க. ஒரு வார்த்த சொன்னீங்க. இங்கிலீசு வார்த்த, எனக்கு அர்த்தம் தெரியாது. நம்ம தொர பந்தடிக்கையில பந்து வலையில விழுந்தா அதத்தான் சொல்லுவாரு."

துரை இருமினார்.

"அப்புறம் தூளியில கெடந்த துணிய எடுத்து பூட்சத் தொடச்சீங்க. தொடச்சிட்டு மறுபடி தூளியிலயே போட்டீங்க."

அந்தத் தூளிப் பிள்ளையின் அம்மா எழுந்து நின்றுகொண்டாள்.

"அதுக்கப்புறந்தான் என் பைய உருவுனீங்க. அதோட போயிருக்கலாம். போவலையே! அந்த மூலைக்குப் போனீங்க. டின்பாலு மூடியத் தூக்குனீங்க. இந்தப் பக்கம் பாத்தீங்க, அந்தப் பக்கம் பாத்தீங்க. ஆள்காட்டி வெரல உள்ள விட்டு..." மாரியாயி நிறுத்தினாள். "எத்தன தடவைன்னு நான் சொல்லப் போறதில்ல தொர. பசியா இருந்திருக்கும். ஆக்கிப் போட ஆளில்லாத மனுசரு."

"ஒரே ஒரு தடவைதான்!" என்று கத்திவிட்டார் ஜெயராஜ். "ஒன் டைம் லா, சார்! ஒன்லி ஒன் டைம்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. சிரிப்பு அடங்க ரொம்ப நேரம் ஆயிற்று. ஆனால் மாரியாயி அதோடு விடவில்லை. தட்டிலிருந்த டின்னை எடுத்துவரச் சொன்னாள். "நேத்து இவரு போன பின்ன இதுலேருந்து ஒரு சொட்டு நான் எடுக்கல. புள்ளைங்களுக்கு வெறுங்கஞ்சிதான்" என்றாள். ரெங்கசாமி கிராணி டின்னைத் திருப்பிப் பார்த்தார். நேற்றுக் காலை தன் கையால் ஸ்டோரில் கொடுத்த புது டின்தான். மூன்று நாளைக்கு வரவேண்டிய பால். பாதிக்கு மேல் காணவில்லை.

துரை டின்னை வாங்கிச் சாய்த்துக் காட்டினார். "ஒரு முறை?"

ஜெயராஜ் டின்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தலையை நிமிர்த்தினார். அவர் கண் முன்வரிசையில் ஓடி, அம்மாவின் முந்தானைக்குப் பக்கத்தில் வந்து நின்றது. என்னைப் பார்த்தார். என் வயிற்றைப் பார்த்தார். வாய் லேசாகத் திறந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டு, "ஐ ஆம் சாரி, சார்" என்றார்.

துரை எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னார். "ஆயா நித்திரை செய்யவில்லை. ஆயா பணி செய்தாள்." பட்டியலில் இருந்த பேரை ரெங்கசாமி கிராணி அங்கேயே மசியால் அடித்தார். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஓவென்று அழுதாள். மாரியாயி தன் வெற்றிலைப் பையை டிரெஸ்ஸர் கையிலிருந்து வாங்கி, திறந்து, வெற்றிலை சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள்.

துரைக்கு எதையும் எழுத்தில் வைத்தால்தான் திருப்தி. மறுநாள் கொட்டகைத் தூணில் ஒரு காகிதம் அடித்தார்கள். காலை பத்தரை முதல் பன்னிரண்டு வரை ஆயா கண்மூடிப் படுத்திருக்க வேண்டும், தவறினால் நடவடிக்கை எடுக்கப்படும் என்று அதில் இருந்தது. அதன் பிறகு அவள் முழித்திருந்தால்தான் குற்றம். அந்த மலாய்நாட்டிலேயே தூங்குவதற்குத் துரையின் கையெழுத்தோடு உத்தரவு வாங்கியவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். ஜெயராஜுக்கு அரை டின் டிரெஸ்ஸர் என்று பேர் விழுந்தது. அவர் கொட்டகைக்கு வரும்போது ஐம்பது கஜத்துக்கு அப்பாலிருந்தே இருமிக்கொண்டு வருவார். அந்த வருஷக் கடைசியில் பிரிக்பீல்ட்ஸுக்கே திரும்பிப் போய்விட்டார்.

அந்த மாதக் கப்பலில் எங்கள் தோட்டத்து ஆட்கள் பதினேழு பேர் போனார்கள். லோரி புறப்பட்டபோது மாரியாயி ஒவ்வொரு பிள்ளையின் தலையையும் தொட்டுத் தொட்டு அனுப்பினாள். அவற்றில் நான்கு பிள்ளைகள் அவள் குறட்டைக்குத் தூங்கியவை. அதன் பிறகும் இருபது வருஷத்துக்கு மேல் அவள் அந்தக் கொட்டகையில் இருந்தாள். என் தம்பி தங்கைகளும் அவளிடந்தான் தூங்கினார்கள். 1954-இல் இறந்தபோது பதினாலாம் நம்பர் காட்டின் ஓரத்தில், அப்பன் ஆத்தாளுக்குப் பக்கத்திலேயே அவளைப் புதைத்தோம். அதற்காகத்தானே அவள் அன்றைக்கு அவ்வளவு பேசினாள்.

இனி யாருக்கும் கெடுதல் இல்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தத் திங்கட்கிழமை ஆயா தூங்கித்தான் போனாள். நிஜத் தூக்கம். கண்ணை மூடி மல்லாந்து கிடந்து குறட்டை விட்டால் யாருக்குத்தான் தூக்கம் வராது? நாற்பத்தொரு சாட்சிகளும் தூங்கினார்கள் என்று கிராணி எழுதியதும் பிசகு. நாற்பது பேர்தான் தூங்கினார்கள். நான் கஞ்சிப் பானைக்குப் பின்னால் உட்கார்ந்து டின்பாலைத் தின்றுகொண்டிருந்தேன். பூட்ஸ் சத்தம் கேட்டதும் டின்னைத் தட்டில் வைத்துவிட்டுப் பானைக்குப் பின்னால் ஒடுங்கிக்கொண்டேன். டிரெஸ்ஸர் சறுக்கியது, சொன்னது, துடைத்தது, நக்கியது எல்லாவற்றையும் பார்த்தேன். அவர் சொன்னது முழு நிஜம். ஒரே ஒரு தடவைதான். அவர் போன பிறகு விட்ட இடத்திலிருந்து நான் தொடர்ந்தேன்.

விசாரணையில் என் வயிற்றைப் பார்த்தபோது அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. என்னைக் காட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அரை டின் பழி அவரை விட்டுப் போயிருக்கும்; நான் முழித்திருந்தது தெரிந்தால் ஆயாவின் சாட்சியமும் கவிழ்ந்திருக்கும். அவர் சொல்லவில்லை. அதற்காக அந்த மனுஷரை இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுவேன். அந்த விளக்கெண்ணெயை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

அன்று ஆயாவை எழுப்பியது கால்விரல் நூல்தான். எழுந்ததும் தலைமாட்டைத் தடவினாள். பையைக் காணோம். திரும்பினால், முழங்கை வரை பாலோடு நான் நிற்கிறேன். "டிரெஸ்ஸரு எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு ஆயா. நோட்டுல எழுதுனாரு" என்றேன். ஆயா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சத்தம் வராமல், மற்ற பிள்ளைகள் எழுந்துவிடாமல் அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பாலைத் தின்றதற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்து எனக்கும் அழுகை வந்துவிட்டது. "நான் மட்டும் இல்ல ஆயா. அவருந்தான் தின்னாரு" என்றேன்.

அழுகை நின்றது.

"என்ன சொன்ன? மறுபடி சொல்லு."

மூன்று தடவை சொல்லச் சொன்னாள். பூட்ஸ் சறுக்கியதிலிருந்து விரல் நக்கியது வரை, அந்த இங்கிலீஷ் வார்த்தையையும் சேர்த்து. பிறகு முந்தானையை நனைத்து என் வாயைத் துடைத்தாள், முழங்கையைத் துடைத்தாள். என்னை மடியில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டு காதோடு சொன்னாள்:

"நீ தின்னத நான் பாக்கல. நான் தூங்குனத நீ பாக்கல. ஆனா அந்த மனுசன் செஞ்சதெல்லாம் நாம ரெண்டு பேரும் பாத்தோம்."